அடுத்து என்ன என்று அவளுக்குத் தெரிய வேண்டும்: தென்காசியில் ஆறு நாட்கள்

ஜூலை 8, 2024, திங்கள்: தென்காசி

பொதிகை ரயில் தென்காசியில் நின்றபோது மணி எட்டை நெருங்கியிருந்தது. மேற்கே மலை முழுவதையும் மேகம் மூடியிருக்க, ஊரின் மேல் சாரல் பொடிப்பொடியாக விழுந்துகொண்டிருந்தது. முந்தைய நாள் சென்னையில் வியர்வையில் நனைந்த சேலையோடு ரயிலேறிய எனக்கு, இந்த ஆனிக் காற்றில் முந்தானையைப் பிடித்துக்கொள்ள இரண்டு கைகளும் போதவில்லை. நிலையத்துக்கு வெளியே நான்கு இட்லியும் ஒரு வடையும் டீயும் அறுபத்தைந்து ரூபாய்க்கு முடிந்தன. "சாரலுக்கு வந்தீங்களாம்மா?" என்று கடைக்காரர் கேட்டார். சில பிள்ளைகளைப் பார்க்க வந்திருக்கிறேன் என்றேன். "அப்பம் அருவியையும் ஒரு எட்டு பாத்துட்டுப் போங்க" என்று சொல்லி, கேட்காமலேயே இன்னொரு கரண்டி சட்னி ஊற்றினார்.

நான் இருபத்தொரு ஆண்டுகளாகச் சென்னையில் செவித்திறன் குறைந்த குழந்தைகளுக்குப் பாடம் நடத்துகிறேன். இந்த ஜூன் மாதம் எங்கள் பள்ளிக்கு ஆறு வயதுக் குழந்தை ஒன்றின் சேர்க்கை விண்ணப்பம் வந்தது. அந்தக் குழந்தைக்குக் காது கேட்பதில்லை. கண்ணும் வெளிச்சம் எங்கே இருக்கிறது என்பதைத் தாண்டி அதிகம் சொல்வதில்லை. உங்களால் முடியுமா என்று தலைமையாசிரியை கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. சைகை, உதட்டசைவு, படஅட்டை, கரும்பலகை என்று எனக்குத் தெரிந்த வழிகள் எல்லாமே கண் வழியாக உள்ளே போகிறவை. அந்தக் கண் இல்லாத இடத்தில் எதை வைத்துத் தொடங்குவது என்று அறிந்துகொள்வதற்காகவே இந்தப் பயணம்.

என்னை உடன் அழைத்துச் செல்ல ஒப்புக்கொண்டவர், முட்டுக்காட்டில் 2005-இல் தொடங்கப்பட்ட தேசிய பன்முகக் குறைபாடு நிறுவனத்தில் பார்வை-செவிக் குறைபாட்டுக்கான பட்டயப் பயிற்சி முடித்து, இந்த மாவட்டத்தில் வீடு வீடாகச் சென்று கற்பிக்கும் சிறப்பாசிரியை. என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். அவர் என்னை அக்கா என்று அழைத்தார். ஊரார் அழைப்பதுபோலவே நான் அவரை டீச்சர் என்று அழைத்தேன்.

இரவு உணவின்போது டீச்சர் சொன்னது இது. இங்கிருந்து பேருந்தில் இரண்டு மணி நேரத்துக்குள் பாளையங்கோட்டை வந்துவிடும். பார்வையற்றோருக்கு ஒரு பள்ளியும் காது கேளாதோருக்கு ஒரு பள்ளியும் அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே தொடங்கப்பட்டுவிட்டன. முதலாவது காதை நம்பிக் கற்பிக்கிறது, இரண்டாவது கண்ணை நம்பிக் கற்பிக்கிறது. இரண்டும் குறைந்த பிள்ளை அந்த இரண்டு வாசல்களுக்கும் நடுவே வீட்டிலேயே தங்கிவிடுகிறது. இரண்டு பள்ளிகளின் பாடத்தையும் கூட்டினால் அந்தப் பிள்ளைக்கான பாடம் கிடைத்துவிடும் என்று நானும் அன்றுவரை நினைத்திருந்தேன்.

ஜூலை 9, செவ்வாய்: சுரண்டை அருகே

டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. டீச்சரின் பெரிய துணிப்பைக்குக் கூட்டத்தில் இடம் கிடைக்காமல் தவித்தபோது, அமர்ந்திருந்த ஒரு பாட்டி அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "என்ன தாயி, கல்லு வச்சிருக்கியா?" என்று கேட்டார். உள்ளே கல் இல்லை. கரண்டி, கயிறு, பீர்க்கங்கூடு, சைக்கிள் மணி, கறுப்புப் பிளாஸ்டிக் தட்டு ஆகியவை இருந்தன.

முதல் வீட்டில் இருந்தது ஒன்பது வயதுச் சிறுமி. அவளைச் சுமந்த மூன்றாம் மாதத்தில் தாய்க்கு மூன்று நாள் காய்ச்சலும் உடம்பில் செந்தடிப்பும் வந்து, தானாகவே போய்விட்டிருக்கின்றன. அது ரூபெல்லா. தாய்க்குச் சாதாரணக் காய்ச்சலாக வந்துபோகும் அந்த நோய், கருவின் முதல் மூன்று மாதங்களில் தாக்கினால் குழந்தையின் கண்ணையும் காதையும் இதயத்தையும் கெடுத்துவிடும். தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தமிழ்நாட்டில் தொடங்கியது 2017 பிப்ரவரியில். இந்தச் சிறுமி பிறந்தது அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு. கைக்குழந்தையாக இருந்தபோதே கண்புரையை அகற்றிவிட்டதால், தடித்த கண்ணாடி வழியாக ஒரு முழ தூரத்துக்குள் நிழலும் நிறமும் அவளுக்குத் தெரிகின்றன. காது மெஷின் போட்டால் உலக்கை இடிக்கும் ஓசைக்குத் தலை திரும்புகிறது.

டீச்சர் உள்ளே நுழைந்ததும் பேசவில்லை, தலையைத் தடவவில்லை. தரையில் அவளருகே அமர்ந்து, தம் கையின் புறத்தால் அவளுடைய கையின் புறத்தை மெல்லத் தொட்டுவிட்டு அப்படியே நிறுத்திக்கொண்டார். சில நொடிகள் கழித்துச் சிறுமியின் விரல்கள் நகர்ந்து வந்து, டீச்சரின் மணிக்கட்டில் இருந்த முறுக்கு வளையலைக் கண்டுபிடித்தன. அதைத் தொட்டதும் அவளுடைய தோள்கள் தளர்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன். மூன்று ஆண்டுகளாக அந்த வளையலைக் கழற்றாமல் இந்த வீட்டுக்கு வருகிறார் டீச்சர். அந்த வளையல்தான் இங்கே அவருடைய பெயர்.

"அக்கா, உங்களுக்கும் ஒரு பேரு வேணும். எதைக் கொடுக்கப் போறீங்க?" என்று கேட்டார். என் இடது கையில் செயின் பட்டை போட்ட பழைய கைக்கடிகாரம் இருந்தது. அதைக் காட்டினேன். டீச்சர் சொல்லிக் கொடுத்தபடி, என் கையை அவளுடைய கைக்கு அடியில் கொண்டுபோய் வைத்தேன். குழந்தையின் கையைப் பிடித்து இழுத்து ஒரு பொருளின் மேல் வைப்பது, நம் கண்ணை ஒருவர் பலவந்தமாகத் திறந்து பார்க்கச் செய்வதற்குச் சமம் என்பது அவருடைய கண்டிப்பான கருத்து. அடியில் இருக்கும் கையின் மேல் தன் கையை வைத்துக்கொள்ளும் பிள்ளை, விரும்பினால் கூடவே வரலாம், வேண்டாமென்றால் எடுத்துவிடலாம். சிறுமி என் கடிகாரப் பட்டையின் கண்ணிகளை ஒவ்வொன்றாக நெருடிப் பார்த்தாள். கண்ணாடியின் மேல் உதட்டை வைத்துப் பார்த்தாள். அதற்கு ஏறத்தாழ ஒரு நிமிடம் ஆனது. அந்த ஒரு நிமிடத்துக்குள் நான் மூன்று முறை கையை அசைத்து அவளுக்கு "உதவ" முயன்றேன், மூன்று முறையும் டீச்சர் என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார்.

பிறகு சுவரோரம் இருந்த பெட்டிக்குப் போனார்கள். ஐந்து செருப்புப் பெட்டிகளை வரிசையாக ஒட்டிச் செய்த நாட்காட்டி அது. முதல் அறையில் டீச்சரின் வளையலைப் போன்ற இன்னொரு வளையல், இரண்டாவதில் ஊஞ்சல் கயிற்றின் ஒரு சாண் துண்டு, மூன்றாவதில் சிறு கரண்டி, நான்காவதில் பீர்க்கங்கூட்டு நார். கடைசி அறை காலியாக இருந்தது. பக்கத்தில் ஒரு பிரம்புக்கூடை. அதுதான் "முடிந்தது". சிறுமி முதல் அறையில் வளையலைத் தொட்டாள், இரண்டாவதில் கயிற்றை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வெளியே வேப்பமரத்து ஊஞ்சலுக்குத் தானே நடந்தாள், கயிறு கையிலேயே இருந்தது. ஆடி முடித்துத் திரும்பி வந்து அதைக் கூடையில் போட்டுவிட்டு, கரண்டி இருக்கும் அறைக்குக் கையை நீட்டினாள்.

நமக்கு அடுத்து என்ன நடக்கும் என்று யாரும் உட்கார்ந்து சொல்வதில்லை. அடுப்பில் குக்கர் கத்துகிறது, வாசலில் பள்ளி வேன் நிற்கிறது, துண்டோடு அம்மா வருகிறாள். நாள் முழுதும் கண்ணும் காதும் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. இந்தச் சிறுமிக்கோ, முன்னறிவிப்பு இல்லாமல் உடம்பு தூக்கப்படுகிறது, வாய்க்குள் சோறு வருகிறது, தலையில் தண்ணீர் விழுகிறது. டீச்சர் வருவதற்கு முன்பு இவள் நாள் முழுதும் அலறியபடி தலையை மோதிக்கொள்வாள் என்றும், பேய் பிடித்ததாக நினைத்துக் கோயில் கோயிலாகக் கொண்டுபோனதாகவும் தாய் சொன்னார். பெட்டி வைத்த நான்காவது மாதத்தில் குளிக்கும்போது அலறுவது நின்றதாம். குளியலுக்கு முன் நார் கைக்கு வந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

பெட்டியில் வைக்கும் பொருளைப் பற்றி ஒரு முக்கியமான செய்தி. பேருந்துக்குப் பொம்மைப் பேருந்தை வைக்கக் கூடாது. பொம்மை பேருந்தைப் போல இருப்பது பார்க்கிறவர்களுக்குத்தான். இவளுடைய கைக்குப் பேருந்து என்பது சில்லென்ற ஒரு கம்பியும் தொடை அதிரும் இருக்கையும். அதனால் டீச்சர் ஒரு பழுதுபட்டறையில் கேட்டு வாங்கிய கைப்பிடிக் கம்பித் துண்டைப் பேருந்துக்காக வைத்திருக்கிறார். இத்தகைய பெட்டியையும், குழந்தையின் அசைவோடு சேர்ந்து அசைந்து அதையே உரையாடலாக மாற்றும் முறையையும் 1960-களில் வளர்த்தெடுத்தவர்களில் முதன்மையானவர் நெதர்லாந்தின் யான் வான் டைக். அவரிடம் இருந்த பிள்ளைகளில் பலரும் ரூபெல்லாவால் கண்ணும் காதும் இழந்தவர்களே. ஊஞ்சலில் அந்த உரையாடலை நேரில் பார்த்தேன். டீச்சர் அவளோடு சேர்ந்து ஆடிவிட்டுச் சட்டென்று நிறுத்தினார். சிறுமியின் இடுப்பு அரை அங்குலம் முன்னால் அசைந்தது. உடனே ஊஞ்சல் நகர்ந்தது. அவள் "இன்னும்" என்றாள், டீச்சர் "சரி" என்றார்.

மதியம் அந்த வீட்டிலேயே உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் சாப்பிட்டோம். சிறுமிக்கு மட்டும் கறுப்புத் தட்டு, ஏனெனில் எவர்சில்வர் தட்டின் பளபளப்பில் வெள்ளைச் சோறு அவளுக்குத் தெரிவதில்லை. இருபது ரூபாய்த் தட்டு ஒன்று, ஊட்டிவிட வேண்டியிருந்த பிள்ளையைத் தானே எடுத்துத் தின்ன வைத்திருக்கிறது.

ஜூலை 10, புதன்: ஆலங்குளம் பக்கம், பிறகு குற்றாலம்

இன்றைய வீட்டில் நான்கு வயதுப் பையன். ஏழாம் மாதத்திலேயே பிறந்தவன். குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையில் வளரும் கோளாறை உரிய வாரங்களில் கண்டுபிடித்து லேசர் சிகிச்சை செய்திருந்தால் பார்வையின் ஒரு பகுதியாவது மிஞ்சியிருக்கலாம். யாரும் அனுப்பவில்லை. தாய் பீடி சுற்றுகிறார். மடியில் பீடித் தட்டும், முதுகில் சாய்ந்தபடி பையனும். அம்மா வருவது இவனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "பீடி இலை வாசனைதான் மேடம். நான் ஒரு நாள் சோப்பு மாத்திக் குளிச்சிட்டு வந்தா, கிட்ட வர மாட்டேங்கான்" என்றார். டீச்சர் இங்கே செய்தது சிறிய வேலைதான்: தாய் வெளியே போகும்போது முந்தானை முனையை அவன் கையில் வைத்துவிட்டுப் போவது, திரும்பி வந்ததும் அதே முனையைக் கொடுப்பது. மூன்று வாரமாக அதை மட்டுமே செய்கிறார்கள்.

இந்த வீட்டுக்காரர்களின் குறை வேறொன்று. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வகைப்படுத்தியுள்ள இருபத்தொரு குறைபாடுகளில் பன்முகக் குறைபாட்டின் கீழ் பார்வை-செவிக் குறைபாடும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆயினும் அடையாள அட்டைக்காகப் போன அலுவலகத்தில், கண்ணுக்கு ஒரு நாள், காதுக்கு வேறொரு நாள் என்று மூன்று முறை அலையவிட்டு, கடைசியில் கண்ணை மட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் தாய்க்கு ஒரு நாள் பீடிக்கூலி போய்விட்டது. அட்டையில் காது இல்லாததால், காது மெஷினுக்கான மனு எங்கோ கிடக்கிறது. இந்தப் பிள்ளைகளின் நிலைமையை எழுதும் படிவத்தில்கூடக் கண்ணையும் காதையும் சேர்த்துப் பார்க்க ஒருவருக்கு மனம் வரவில்லையே என்று எனக்கு மிகுந்த வருத்தமாக இருந்தது.

மாலையில் டீச்சர் வற்புறுத்திக் குற்றாலத்துக்கு அழைத்துப் போனார். பெண்கள் பகுதியில் நல்ல கூட்டம். முன்பின் தெரியாத ஒரு பெண் என் தோளைப் பற்றி அருவிக்கு அடியில் தள்ளி, நான் தடுமாறியபோது இழுத்தும் பிடித்தார். தலைமேல் விழுந்த தண்ணீரின் இரைச்சலில் காதும் அடைத்து, கண்ணையும் திறக்க முடியாமல் நின்ற அந்த அரை நிமிடம், தோளைப் பிடித்திருந்த கை ஒன்றுதான் எனக்குத் தெரிந்தது. வெளியே வந்து பார்த்தபோது கடிகாரத்தின் பட்டை அறுந்து, ஒரு முனை மட்டும் கையில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு சூடாக ஒரு சுக்குக் காப்பி குடித்தேன், பதினைந்து ரூபாய். பட்டையைப் பற்றி அதற்குமேல் நினைக்கவில்லை.

ஜூலை 11, வியாழன்: மீண்டும் சுரண்டை அருகே

இன்று நடந்தது முழுக்க என் பிழை.

அன்று டீச்சருக்கு வட்டார வள மையத்தில் ஒரு வேலை இருந்தது. அரை மணி நேரத்தில் வந்துவிடுவதாகவும், அதற்குள் நான் வீட்டுக்குப் போய்ச் சிறுமியோடு இருக்கும்படியும் சொல்லி அனுப்பினார். செவ்வாய்க்கிழமை கற்றதை எல்லாம் ஒழுங்காகச் செய்தேன். தரையில் அமர்ந்தேன், கையின் புறத்தால் தொட்டேன், காத்திருந்தேன். அவளுடைய விரல்கள் என் மணிக்கட்டுக்கு வந்தன. வெறும் தோலைத் தடவின. முழங்கை வரை ஏறி, மறுபடி மணிக்கட்டுக்கு இறங்கி, ஒரு சுற்றுச் சுற்றித் தேடின. பிறகு இரண்டு கைகளையும் இழுத்துக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டாள். நான் கொஞ்சம் நெருங்கினேன். அவள் பின்னால் நகர்ந்து, சுவரில் தலையை ஒரு முறை மோதினாள், மறுபடி மோதினாள். தாய் அடுப்படியிலிருந்து ஓடி வந்து தன் உள்ளங்கையைச் சுவருக்கும் தலைக்கும் இடையே வைத்தார். இரண்டு ஆண்டுகளாக இவள் தலையை மோதவில்லை என்று அவர் சொன்னார். குற்றம் சாட்டும் குரலில் சொல்லவில்லை. அதுவே எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

டீச்சர் வந்ததும் நிலைமையைப் பார்த்துவிட்டு என் கையைத்தான் பார்த்தார். "வாட்ச் எங்க, அக்கா?"

நான் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "செவ்வாய்க்கிழமை உங்க பேரைச் சொல்லிக் கொடுத்தீங்க. இன்னைக்கு அந்தப் பேரு இல்லாம ஒருத்தர் வந்து கையைத் தொட்டிருக்காங்க. நமக்குத் தெரிஞ்சவங்க முகம் இல்லாம வந்து பக்கத்துல உக்காந்தா நமக்கு எப்படி இருக்கும்?" என்று மட்டும் கேட்டார். அதன்பின் நாற்பது நிமிடம் ஒன்றும் செய்யாமல் அமர்ந்திருந்தோம். டீச்சர் அவளுக்கு அரை முழம் தள்ளி, வளையல் கையைத் தரையில் வைத்திருந்தார். கூரைத் தகரத்தில் சாரல் விழுந்து நின்றது. எதிர்வீட்டுப் பெண் வாசலில் வந்து நின்று, "பாவம், இந்தப் புள்ளைக்கு என்ன தெரியும்" என்றார். "நல்லாத் தெரியும், அதனாலதான் அழுதா" என்று டீச்சர் பதில் சொன்னார். நாற்பதாவது நிமிடம் ஒரு விரல் வந்து வளையலைத் தொட்டது. அன்றைக்குப் பாடம் அவ்வளவுதான். பெட்டியின் பக்கம் போகவே இல்லை.

பைக்குள் கிடந்த பட்டையை எடுத்து அவளிடம் நீட்டட்டுமா என்று திரும்பும் வழியில் கேட்டேன். இன்று வேண்டாம், பயந்த நேரத்தில் கொடுத்தால் அந்தப் பயமும் பட்டையோடு ஒட்டிக்கொள்ளும் என்றார். என் வகுப்பில் ஒரு பாடம் சரியாகப் போகாவிட்டால் கரும்பலகையை அழித்துவிட்டு மறுபடி தொடங்குவேன். இங்கே அப்படி அழிக்க முடியாது.

இரவு செங்கோட்டைப் பக்கம் பரோட்டா சாப்பிடலாம் என்று டீச்சர் அழைத்தார். எனக்குப் பசிக்கவில்லை.

ஜூலை 12, வெள்ளி: சங்கரன்கோவில்

மலையை விட்டுக் கிழக்கே வந்ததும் சாரல் நின்று வெயில் அடித்தது. விசைத்தறிகளின் தடதடப்பு தெருமுனையிலேயே கேட்கத் தொடங்கிவிடுகிறது. நாங்கள் பார்க்க வந்த பதினேழு வயது இளைஞருக்கு அது கேட்காது. பிறவியிலேயே காது கேளாதவர். காது கேளாதோர் பள்ளி விடுதியில் தங்கிப் பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு, மாமாவின் தறியில் நிற்கிறார். சைகை மொழியில் பேசுகிறவர் என்பதால், இந்த வாரத்திலேயே முதல் முறையாக என் கைக்கு வேலை வந்தது என்று மகிழ்ந்தேன். அருகில் போய் வணக்கம் சொல்லிப் பேசத் தொடங்கினேன். அவர் முகத்தைச் சுளித்தபடி, தள்ளிப் போகுமாறு கையை அசைத்தார். இரண்டடி பின்னே போனேன். இன்னும் என்றார். ஆறடி தள்ளி நின்ற பிறகுதான் முகம் தெளிந்தது.

அவருக்கு அஷர் நோய்க்குறியின் முதல் வகை. அதில் காது பிறப்பிலேயே போய்விடும். கண்ணோ பத்து வயதை ஒட்டி முதலில் இருட்டில் தவறி, பிறகு ஓரங்களிலிருந்து சுருங்கிச் சுருங்கி, ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் ஆகிவிடும். குழாய்க்கு முன்னால் நெருங்கி நின்றால் என் மூக்கு மட்டும்தான் தெரியும், கைகள் வெளியே போய்விடும். தள்ளி நின்றால் முகமும் கையும் அந்த வட்டத்துக்குள் அடங்கும். குறைந்த பார்வையுள்ளவர்களிடம் நெருங்கிப் போக வேண்டும் என்பதே இத்தனை காலம் நான் பிறருக்குச் சொல்லிக் கொடுத்தது. நான் அன்று கட்டியிருந்த பூப்போட்ட சேலையும் அவருக்குத் தொல்லையாக இருந்தது. மதினி ஒருவரிடம் கரும்பச்சைத் துண்டு ஒன்றை வாங்கி மேலே போர்த்திக்கொண்டு, கைகளை நெஞ்சுக்கு நேரே ஒரு சிறிய சதுரத்துக்குள் அடக்கிப் பேசினேன். அதன்பிறகு ஒன்றரை மணி நேரம் பேசினோம்.

தாயும் தந்தையும் அத்தை மகன், மாமன் மகள். இருவரிடமும் மறைந்திருந்த மரபணு ஒன்றுசேர்ந்தால்தான் இந்த நோய் வெளிப்படும். நெருங்கிய உறவில் திருமணம் செய்யும்போது அந்த வாய்ப்புக் கூடுகிறது. பையன் இரண்டு வயது வரை நடக்கவில்லை என்பதைத் தாய் நினைவுகூர்ந்தார். உடம்பின் சமநிலையைக் காப்பதும் காதின் உட்பகுதியே என்பதால் இத்தகைய பிள்ளைகள் தாமதமாகவே நடப்பார்கள். அந்த அறிகுறியை அன்றே யாராவது படித்திருந்தால், பதினேழு வயதில் தறிப்பட்டையில் முழங்கை உரசும் வரை காத்திருக்க வேண்டியிருந்திருக்காது.

பார்வை போகப் போகிறது என்பதை அவரிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை என்று வீட்டார் நினைத்துக்கொண்டிருந்தார்கள். தந்தை வெளியே டீ வாங்கப் போன நேரத்தில் அவரே என்னிடம் கேட்டார்: "ராத்திரியில் எனக்கு ஏற்கெனவே தெரிவதில்லை. பகலும் அப்படி ஆகுமா?" கை நடுங்காமல் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், நடுங்கியது. ஆகலாம் என்றேன். எப்போது என்று சொல்ல முடியாது, பல ஆண்டுகள் ஆகலாம் என்றும் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, இருட்டில் எப்படிப் பேசுவது என்று கேட்டார்.

டீச்சர் சன்னல்களைச் சாத்தி விளக்கை அணைத்தார். இளைஞர் என் மணிக்கட்டுகள் இரண்டையும் மெல்லப் பற்றிக்கொண்டார். நான் பேசப் பேச, அவருடைய கைகள் என் கைகளைத் தொடர்ந்து வந்தன. நடுவில் கண்ணுக்குத் தெரியும்போது பார்த்துக்கொள்ளலாம், தெரியாதபோது கை தொடரும். இதுதான் தொடுசைகைக்குப் போகும் வழி. பின்னாளில் அவர் கை என் கையின் மேல் முழுதாக அமர்ந்து, சைகையின் வடிவத்தையே படிக்கும். முதல் ஐந்து நிமிடம் இருவரும் முட்டிக்கொண்டோம். பிறகு அவர் தறியில் எந்தப் பட்டை அறுந்தது, யார் தலையில் நூல் விழுந்தது என்று ஒரு கதையைச் சொல்லிச் சிரித்தார். இருட்டுக்குள் சைகையில் சிரித்துப் பேச முடியும் என்பதை என் இருபத்தொரு ஆண்டு வேலையில் நான் எண்ணிப் பார்த்ததே இல்லை.

பிரெயிலை இப்போதே தொடங்கிவிட வேண்டும் என்பது டீச்சரின் திட்டம். கண் இருக்கும்போதே விரல் பழகிவிட்டால், கண் போகும்போது எழுத்து கூடவே போகாது. வெள்ளைக்கோலில் சிவப்புப் பட்டை போட்டால் காதும் கேட்காது என்று பொருள் என்பதையும் சொல்லி, ஒரு கோலை விட்டுவிட்டு வந்தோம். தந்தை அதைக் கதவுக்குப் பின்னால் வைத்தார். இளைஞர் அதை எடுத்துத் தம் கட்டிலின் மேல் வைத்துக்கொண்டார்.

தென்காசி திரும்பியதும் கடிகாரக் கடைக்குப் போனேன். தோல்பட்டைதான் நன்றாக உழைக்கும் என்று கடைக்காரர் திரும்பத் திரும்பச் சொன்னார். பழைய பட்டை போலவே கண்ணி வைத்ததாகத்தான் வேண்டும் என்று நான் சொல்ல, மூன்று பெட்டிகளைக் கவிழ்த்துத் தேடி, கிட்டத்தட்ட அதே அளவில் ஒன்றை நூற்று இருபது ரூபாய்க்குப் போட்டுக் கொடுத்தார். ஏன் என்று கேட்டார். சொன்னேன். அவர் பழைய பட்டையிலிருந்து நான்கு கண்ணிகளைப் பிரித்து, முனைகளை அரத்தால் தேய்த்து மழமழப்பாக்கி, ஒரு வளையத்தில் கோத்துக் கையில் கொடுத்தார். அதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

ஜூலை 13, சனி: பாவூர்சத்திரம், சுரண்டை, ரயில்

காலையில் பாவூர்சத்திரத்தில் எழுபத்தெட்டு வயது ஆச்சி ஒருவரைப் பார்த்தோம். கண்நீர் அழுத்த நோயில் (கிளாக்கோமா) பார்வையும், வயதில் காதும் போனவர். இப்படி முதுமையில் இரண்டையும் இழந்தவர்களையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. வயதாகிவிட்டது என்று விட்டுவிடுகிறார்கள். ஆச்சி ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். அவருடைய உள்ளங்கையில் பேத்தி விரலால் எழுதுகிறாள், ஆச்சி வாயால் பதில் சொல்கிறார். ட, ப, ம, வ எல்லாம் உடனே பிடிபட்டுவிடுகின்றன. ண, ன, ஊ வரும்போது சுழி எண்ணிக்கையில் தடுமாறுகிறார். அதனால் பாட்டியும் பேத்தியும் தாங்களே ஒரு சுருக்கம் வைத்திருக்கிறார்கள்: ஒரு சுழி போட்டு மணிக்கட்டைத் தட்டினால் "மருந்து", இரண்டு தட்டினால் "விருந்தாளி". நான் வந்திருப்பதைப் பேத்தி தட்டிச் சொன்னதும், "காப்பி போட்டியாட்டீ?" என்று ஆச்சி கேட்டார். கருப்பட்டிக் காப்பி வந்தது.

பிற்பகல் சிறுமியின் வீடு. இம்முறை டீச்சர் முன்னே போனார். வளையல், நலம் விசாரிப்பு, பெட்டி எல்லாம் வழக்கப்படி நடந்தன. இரண்டாவது அறையில் கயிற்றுக்குப் பதிலாகக் கண்ணி வளையத்தை வைத்திருந்தோம். அவள் அதை எடுத்தாள். நெருடினாள். உதட்டில் வைத்துப் பார்த்தாள். நான் மூன்றடி தள்ளி, கையைத் தரையில் வைத்து, அசையாமல் இருந்தேன். டீச்சர் தம் கையை அவளுடைய கைக்கு அடியில் கொடுக்க, அவள் அதன்மேல் தொற்றியபடி என்னிடம் வந்தாள். வளையம் ஒரு கையில், என் மணிக்கட்டு மறு கையில். இரண்டையும் மாற்றி மாற்றித் தொட்டாள். எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை, கடிகாரம் அவளுடைய விரல்களுக்கு அடியில் இருந்தது. இந்த முறை என் கை அசையவில்லை.

அதன்பின் இருவரும் ஊஞ்சலுக்குப் போனோம். நான் ஆட்டினேன், நிறுத்தினேன், அவளுடைய இடுப்பு அசையும் வரை காத்திருந்தேன்.

ரயிலுக்கு நேரமாகிவிட்டது. என் பைப்பட்டையை அவள் கையில் கொடுத்தோம். அந்த வீட்டில் அதற்குப் "போகிறேன்" என்று பொருள். அவள் பட்டையைத் தொட்டாள், திரும்பிப் பெட்டிக்கு நடந்தாள், கண்ணி வளையத்தைப் பிரம்புக்கூடையில் போட்டாள். பிறகு என் கையை விட்டுவிட்டு, கரண்டி இருக்கும் அறைக்குக் கையை நீட்டினாள். அவளுக்கு அது சாப்பாட்டு நேரம்.

தாய் வாசல் வரை வந்து, முருங்கைக்கீரை ஒரு கட்டும் தேங்காய் இரண்டும் பையில் திணித்தார். அடுத்து எப்போது வருவீர்கள் என்று கேட்டார். காலாண்டு விடுமுறையில் வருகிறேன் என்றேன். அந்த வளையத்தைக் கூடையிலிருந்து எடுத்து வேறொரு டப்பாவில் பத்திரமாக வைக்கும்படியும், நான் வருகிற அன்று காலையில் மட்டும் பெட்டியின் முதல் அறையில் வைக்கும்படியும் டீச்சர் அவரிடம் சொன்னார். எனக்கும் ஒன்று சொன்னார்: அதுவரை பட்டையை மாற்ற வேண்டாம்.

ரயில் கடையநல்லூரைத் தாண்டும்போது மலையின் மேல் மறுபடி மேகம் இறங்கியிருந்தது. எதிர் இருக்கையில் ஓர் அம்மா சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தபடி மணி என்ன என்று கேட்டார். கையைத் திருப்பிப் பார்த்துச் சொன்னேன். அருவியில் நனைந்த நாளிலிருந்து கடிகாரம் பத்து நிமிடம் பிந்தித்தான் ஓடுகிறது. அதைச் சரிசெய்யக் கொடுக்கும்போது பட்டையைக் கழற்ற வேண்டாம் என்று சொல்லிக் கொடுக்க வேண்டும்.